வரிசையில் ஓர் இடம்

ஆஸ்டின் டவுன் அருகே ஒரு தொழிற்சாலை வாசல். காலைப் பனி கலையவில்லை. வேலை கேட்கும் வரிசையில் பசியோடு நின்றேன். எனக்குப் பின்னால் குல்லாய் போட்ட ஒருவர் வந்து நின்றார். கிராம்பு வாசனை அடித்தது.

"எந்த ஊரு தம்பி?"

"தங்கவயலுண்ணே. சுரங்கத்துல அடைஞ்சு கெடக்க முடியல, ஓடியாந்துட்டேன்."

"இங்க மட்டும் நிப்பியா?"

"பசி தீர்ற வரைக்கும் நிப்பேன்."

அவர் சிரித்தார். "டீ குடிச்சிட்டு வரேன், என் எடத்தப் பாத்துக்கோ."

பின்னால் இருந்தவர்கள் திட்டத் திட்ட அந்த இடத்தைக் காத்தேன். அவர் வரவில்லை.

உள்ளே போனால், மேசைக்குப் பின்னால் அதே குல்லாய். ஆள் எடுப்பவரே அவர்தான். தினமும் வரிசையில் நின்று பேசிப் பார்த்துத்தான் எடுப்பாராம். பசி தீரும் வரைதான் நிற்பேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேனே, வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"மெஷின்கிட்ட நீ நிக்கமாட்டே. நம்ம லாரிக்குக் கிளீனர் வேணும், பம்பாய் வரைக்கும் போவுது. போறியா?"

"போறேண்ணே. உங்களுக்கு என் மேல கோவமில்லையா?"

"எதுக்கு? அவனவன அவனவன் எடத்துல சேர்த்துட்டா, எனக்கு அன்னிக்கு நல்லா தூக்கம் வரும்."

அன்று ஏறியவன் இன்னும் சாலையில்தான் இருக்கிறேன். எந்த ஊரில் எந்த வரிசையில் நின்றாலும், எனக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்க இடம் விட்டே நிற்கிறேன்.