குழம்பு மீனின் விலை

காலையில் என் தங்கை போன் செய்தால் நலமா என்று கேட்க மாட்டாள். "அங்க தக்காளி இன்னாக்கா?" என்பாள். நான் விலையைச் சொல்வேன். "ஐயய்யோ, இங்க அதுல பாதி" என்று ஒரு வெற்றிக் குரல் வரும். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் எழுந்தார்களா, மழை உண்டா என்ற விசாரணையெல்லாம். எனக்கு அந்த முதல் வாக்கியத்திலேயே எரிய ஆரம்பித்துவிடும். தக்காளி என்ன அவள் மாமியார் வீட்டுத் தோட்டத்திலா காய்க்கிறது?

நான் பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்துக்காரி. பிறந்ததும் அங்கே, வாழ்க்கைப்பட்டதும் அங்கே, இரண்டு தெரு தள்ளி. எங்கள் நைனா தங்கையை மட்டும் பழவேற்காடு ஏரியின் வடக்கே ஒரு தீவில் கட்டிக் கொடுத்தார். தண்ணீர் ஒரே தண்ணீர்தான். நடுவில் எங்கேயோ ஒரு கோடு போட்டு, அந்தப் பக்கத்தை ஆந்திரா என்கிறார்கள். அந்தக் கோட்டை நான் பார்த்ததில்லை, மீனும் பார்த்திருக்காது. தீவில் எல்லாரும் தமிழ்தான் பேசுகிறார்கள். ரேஷன் அட்டை மட்டும் தெலுங்கில் இருக்கும். சாமான் வாங்க வேண்டுமென்றால் படகேறிக் கரைக்கு வந்து, ஒரு பக்கம் போனால் தடா, சூளூர்பேட்டை. இன்னொரு பக்கம் போனால் எங்கள் ஆரம்பாக்கம். அதனால் அவளுக்கு இரண்டு மாநிலத்து விலையும் அத்துப்படி. என்னிடம் பேசும்போது மட்டும் ஆந்திராக்காரி ஆகிவிடுவாள்.

இப்படி ஆண்டுக்கணக்காகப் பேசியதில் எனக்கும் ஒரு கணக்கு பிடிபட்டது. மிளகாய் அங்கே மலிவு. அரிசியும் அங்கேதான், நெல்லூர் பக்கமாயிற்றே. பெட்ரோலும் டீசலும் இங்கே குறைவு, ஏனென்றால் அவற்றுக்கு அந்தந்த அரசாங்கம் தன் இஷ்டத்துக்கு வரி போட்டுக்கொள்கிறது. ஆரம்பாக்கம் பங்கில் ஆந்திரா நம்பர் வண்டிகள் வரிசையில் நிற்பது அதனால்தான். சோப்பு, பிஸ்கட், சேமியாவுக்கெல்லாம் ஜிஎஸ்டி இரண்டு பக்கமும் ஒன்றே. சாராயக்கடை விலையை நாங்கள் பேசுவதில்லை. அந்த ஒப்பீட்டை ஆண்கள் எங்களைவிடத் துல்லியமாகச் செய்து வைத்திருந்தார்கள்.

ஒருநாள் எங்கள் மளிகைக் கடையில் அரிசி மூட்டை மேல் இருபத்தாறு கிலோ என்று அச்சடித்திருந்தது. "ஒரு கிலோ இனாமா?" என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "இருபத்தஞ்சு கிலோ வரைக்கும் பேர் போட்டு அடைச்சா வரிம்மா. அதத் தாண்டிட்டா கெடையாது. அதான் ஒரு கிலோ ஏத்தி அடைக்கிறான்." எனக்குச் சுர்ரென்று ஏறியது. கையில் இருக்கிற காசுக்கு ஐந்து கிலோ பை வாங்குகிறவள் வரி கட்ட வேண்டும், மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போகிறவர் கட்ட வேண்டாமா? இதை யோசித்துப் போட்டவரை ஒரே ஒரு நாள் எங்கள் மீன் ஏலத்தில் உட்கார வைக்க வேண்டும். இதைத் தங்கையிடம் சொல்லிப் பொருமினேன். "இங்கயும் இருபத்தாறுதான்க்கா" என்றாள். அன்றைக்கு மட்டும் இருவரும் ஒரே கட்சி.

விளையாட்டாக இருந்த இந்தப் பேச்சு ஒரு கோடையில் மாறிப்போனது. அவள் பக்கத்தில் ஏரி வற்றி, படகு சேற்றில் குந்திவிட்டது. போன கோடையும் அப்படித்தான், அதற்கு முந்தியதும் அப்படித்தான். தங்கையின் மகள் பத்தாவது முடித்திருந்தாள். மேலே படிக்கத் தினமும் படகேறிப் போய்வர வேண்டும். தங்கை தக்காளி விலையைக் கேட்காமல் போனில் அழுதாள். "எல்லாத்தையும் கட்டிகினு இங்க வந்துடுங்கடி" என்றேன். அந்த நிமிடத்திலிருந்து அவளை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா தங்கை என்று பிறந்துவிட்டு விலைவாசியை மட்டும் பேசிக்கொண்டிருப்பது ஒரு பிழைப்பா?

தடையாக இருந்தது அவள் வீட்டுக்காரர். பொறுமைசாலி, அதிகம் பேசாதவர். அவருக்கு இங்கே ஏரியில் இறங்க உரிமை கிடையாது. எங்கள் பக்கம் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வைத்திருப்போம். அந்தச் சீட்டில் அப்பன் வழியாகத்தான் பெயர் ஏறும். பெண் எடுத்த ஊரில் வந்து குடியேறியவருக்குப் பாடு கிடையாது. அதை நான் மாற்ற முடியாது. என் வீட்டுக்காரரும் முடியாது. மீஞ்சூர் பக்கம் ஒரு கிடங்கில் வேலை இருக்கிறது, மாதச் சம்பளம், வேன் வந்து ஏற்றிப் போகும் என்று விசாரித்துச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "அந்தச் சம்பளத்துல அங்க கட்டுப்படியாவுமாக்கா?"

கேட்டாரே ஒரு கேள்வி! நான் எதற்கு இருக்கிறேன்? பழவேற்காடு கடைத்தெருவில் ஏறாத கடை இல்லை. பொன்னேரிக்குப் போனேன், பெண்களுக்குத்தான் டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லையே. அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், காஸ், வீட்டு வாடகை, ரேஷனில் வருவது, கரண்ட் பில்லில் கழிவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மனதில் போட்டுக்கொண்டேன். தங்கை தன் பக்கத்துக் கணக்கைச் சொன்னாள். படகுக்கூலி, ஆட்டோ கூலி, படகுக்கு ஆந்திரா விலையில் டீசல். அவரை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தினோம். மிளகாயிலும் அரிசியிலும் நான் தோற்றேன், மற்றதிலெல்லாம் ஜெயித்தேன். சம்பளத்தில் கொஞ்சம் மிச்சம் கூட நின்றது.

"எதுவும் உட்டுப்போவலியே?" என்று அவர் கேட்டார்.

"பெருங்காயம் வரைக்கும் சொல்லிட்டேன் மாப்ள. இன்னா உட்டுப்போவும்?" என்றேன். எனக்கு அப்படி ஒரு பெருமை.

வந்தார்கள். பழவேற்காட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. படகை அவர் தன் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து கிடங்கு வேலையில் சேர்ந்தார். முதல் மாதச் சாமானை நானும் தங்கையும் சேர்ந்து போய் வாங்கினோம். ஒவ்வொன்றும் நான் சொன்ன விலைக்கே கிடைத்தது. கடையில் நின்றபடியே அவளை இடித்தேன்: "சொன்னேன் இல்ல?" மகள் பொன்னேரியில் பள்ளிக்கூடம் சேர்ந்தாள். தினமும் தங்கை முகத்தைப் பார்க்க முடிந்தது. நான் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு மதியம் அவள் வீட்டுக்குப் போனபோது அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்துப் போனேன், அப்போதும் சாம்பார். வெள்ளிக்கிழமையும் இல்லை, விரதமும் இல்லை.

"இன்னாடி, யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்றேன்.

அவள் கரண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "மீன் வாங்கணுமேக்கா."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

எங்கள் வீடுகளில் மீன் வாங்குகிற பொருள் இல்லை. படகு கரைக்கு வந்ததும், ஏலத்துக்குப் போகுமுன், போனவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் குழம்புக்கு எடுத்துக்கொள்வார்கள். பங்கு பிரிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். குழம்பு மீனை யாரும் நிறுக்க மாட்டார்கள், விலை பேச மாட்டார்கள். வலையில் ஒன்றுமே இல்லாத நாளில் கூட ஒரு கை பொடிமீன் வீட்டுக்கு வரும். அதனால்தான் வாழ்நாளெல்லாம் விலை பேசிய இரண்டு பெண்கள், பெருங்காயத்தைச் சேர்த்தவர்கள், மீனைச் சேர்க்கவில்லை. இத்தனைக்கும் நான் தினமும் கடைத்தெருவில் உட்கார்ந்து மீன் விற்கிறவள். ஊருக்கெல்லாம் விலை சொல்கிறவளுக்கு, தங்கையும் அதை விலைக்கு வாங்க வேண்டியிருக்கும் என்று தோன்றவில்லை. வரி கூடக் கிடையாது அதற்கு. அரசாங்கமும் விட்டது, நானும் விட்டேன்.

அதற்குப் பரிகாரம் சுலபம் என்றுதான் நினைத்தேன். மறுநாளிலிருந்து எங்கள் குழம்பு மீனில் பாதியை எடுத்துக்கொண்டு போய் அவள் வாசலில் வைத்தேன். என் வீட்டுக்காரரே பெரிதாகப் பார்த்துப் பொறுக்கித் தந்தார். தங்கையும் குழம்பு வைத்தாள். ஆனால் சில நாளில் அவளே வந்து, "இனிமே கொண்டாராதக்கா" என்றாள்.

"ஏன்டி, நாத்தம் அடிக்குதா?"

"அவரு தொட மாட்டேங்கறாரு. கோவமெல்லாம் இல்ல. மீன ஓரமா ஒதுக்கிட்டு ரசம் ஊத்திக்கிறாரு. 'அடுத்தவன் பாட்டுல, அவன் வலையில உழுந்த மீனு, அது அவன் ஊட்டு அடுப்புக்கு'ன்னு மட்டும் ஒரு தடவ சொன்னாரு."

எனக்குக் கோபம் வந்தது. அடுத்தவனா? நானா அடுத்தவள்? அங்கேயே கத்தினேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் அவர் முகம் நினைவுக்கு வந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து தன் வலை மீனைத் தின்றவர். அவரைக் கொண்டுவந்து மூட்டைகளுக்கு நடுவே நிற்க வைத்தது நான். சாப்பாட்டுத் தட்டிலும் என் தயவில் உட்கார வைக்க வேண்டுமா? எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாரும் திரும்பிப் போய்விடுவார்களோ என்ற பயமும் வந்தது. போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் ரசம் ஊற்றிக்கொண்டு எத்தனை காலம் ஒரு மனிதர் ஒரு ஊரில் இருப்பார்?

அவருக்குச் சம்பளம் வந்த வாரம். கடைத்தெருவில் மடவை மீனைக் கூறு கூறாகப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பிளாஸ்டிக் கூடை வந்து நின்றது. நிமிர்ந்தால் தங்கை.

"கூறு இன்னா வெல?" என்றாள்.

"இன்னாடி விளையாடுற?" என்று கேட்க வாயெடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என் தங்கையிடமே நான் விலை சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ விலையைச் சளைக்காமல் சொன்ன வாய் எழவில்லை.

"இருநூறு" என்றேன் கடைசியில். மற்றவர்களுக்குச் சொன்ன அதே விலை.

"நூத்தம்பதுக்குக் குடு."

"கட்டாது."

"ஆரம்பாக்கத்துல நூத்தம்பதுதான்."

"அப்ப அங்கயே போய் வாங்கிக்க" என்றேன். வழக்கமாக எல்லாரிடமும் சொல்வதுதான். சொன்னதும் அவள் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. என் கண்ணும் சரியாக இல்லை. நூற்றெண்பதில் முடிந்தது. பணத்தை வாங்கி இடுப்புச் சுருக்குப்பையில் போட்டேன். நெருப்பைச் சொருகிக்கொண்டது போல இருந்தது.

மீனைக் கூடையில் தள்ளியதும் அவள் நகரவில்லை. "கொசுறு போட மாட்டியா?" என்றாள்.

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கொசுறு எல்லாருக்கும் போடுவது. அதில் தயவு கிடையாது. குவியலில் இருந்ததிலேயே பெரிய மடவையை எடுத்துக் கூடையில் போட்டேன். அவள் குனிந்தாள். அந்தப் பெரிய மீனை எடுத்து என் கூறு மேலேயே திரும்ப வைத்தாள். ஓரத்தில் கிடந்த விரல் நீளப் பொடிமீன் ஒன்றைத் தன் கையாலேயே பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மறுநாள் காலை போன் அடித்தது. நடக்கிற தூரத்தில்தான் என் வீடு, ஆனாலும் போன்தான். "தக்காளி இன்னாக்கா?" என்றாள்.

"தக்காளி கெடக்குது. சாப்ட்டாரா?"

"தட்டுல முள்ளுதான் இருந்துச்சி" என்றாள்.