கைகளை மட்டும் எழுதியவன்

மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அக்கா, தங்கை. இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அவர்கள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட சைகைமொழியை எழுத்தில் பிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. எழுபதுகளில் வீடியோ கேமராவை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது, நோட்டுதான். கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசையும் திசை என்று மூன்று கட்டம் போட்டு, நானே குறிகள் உண்டாக்கி நிரப்பினேன். அதில் எனக்கு ஏகப்பட்ட தலைக்கனம் வேறு.

அவர்கள் கொழுந்து பறிக்கும் மலைமேல் மட்டும் நான் ஏறவே இல்லை. சமவெளியில், நல்லேப்பிள்ளியில் வளர்ந்த எனக்கு மலையட்டை என்றால் குலை நடுங்கும். அவர்கள் வேலை முடிந்து லயத்து வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் எழுதுவேன்.

அந்த மழைக்காலத்தில் அக்கா காய்ச்சல் முற்றி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு நாள் காலை இருவருக்கும் சண்டை. தங்கை விறுக்கென்று கூடையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். கட்டிலருகே இருந்த என்னிடம் அக்கா மூன்று சைகை செய்தாள்: தங்கை, கூடை, போனாள். குனிந்து எழுதி முடித்துப் பூரித்துப்போனேன். மத்தியானம் அக்கா இறந்துவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தங்கை, காது கேட்கும் தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா கடைசியாப் பேசுனது ஒங்க நோட்டுல இருக்காம்லா. அதச் செஞ்சு காட்டச் சொல்லுதா" என்றார் அவர்.

"இருக்குதுங்க" என்று பெருமையாகவே செய்து காட்டினேன். அவள் தலையாட்டி மறுத்து, என் முகத்தைச் சுட்டினாள்.

"கோவமாச் சொன்னாளா, சிரிச்சுச் சொன்னாளான்னு கேக்கா. மலையில ரெண்டு கையும் கொழுந்துலதான இருக்கும்? இவளுக மூஞ்சியாலதான் பேசிக்கிடுவாளுக. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. பைத்தியக்காரன்போல நோட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாகக் கைகள். முகம் எங்குமே இல்லை. அன்று காலை நான் அக்காவின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. அவளை வெறுமனே அனுப்ப மனம் வராமல், அதே மூன்று சைகைகளைச் சிரித்த முகத்தோடு செய்தேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் என் கன்னங்களைப் பிடித்து, அந்தச் சிரிப்பைக் கீழே இழுத்துவிட்டாள்.