சோடாக் கோலிச் சக்கரம்

தென்காசியில் சோடாக்கடை மசூதைத் தெரியாதவர்கள் குறைவு. சோடாவுக்காகத் தெரிந்துவைத்திருந்தவர்கள் பாதி, தானாக ஓடும் சக்கரத்துக்காகத் தெரிந்துவைத்திருந்தவர்கள் மீதி. இரண்டாம் வகையினர் அவர் பெயரைச் சொல்லும்போது லேசாகச் சிரித்துக்கொள்வார்கள். அவருடைய மனைவி சைதூன் பீவி சிரிப்பதில்லை. அந்தச் சக்கரம் ஓடுமா ஓடாதா என்பதில் அவளுடைய வலது தோள் மாட்டியிருந்தது.

சோடா போடுவதற்குப் பாட்டிலை இரும்புக் கூட்டுக்குள் படுக்கவைக்க வேண்டும். காஸைத் திறந்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக் கூட்டைக் கரகரவென்று சுற்ற வேண்டும். சுற்றச் சுற்றக் காஸ் தண்ணீரில் கலக்கும், கோலி ஏறிக் கழுத்தை அடைக்கும். கடையில் நின்று விற்றவர் மசூது. வீட்டுக்குள் நின்று சுற்றியவள் சைதூன். கடையநல்லூரிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதிலேயே அந்தக் கைப்பிடி அவள் கைக்கு வந்துவிட்டது. ஐம்பத்தாறாம் வருடக் கோடையில் ஒரு நாள் தலை வாருவதற்குக் கையைத் தூக்கினாள். கை காதுக்கு மேலே போகவில்லை.

மசூது இரக்கமில்லாதவர் அல்ல. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"இனிமே நீ சுத்தாண்டாம் புள்ள. அதுக்கு நா ஒரு வழி பண்ணுதேன்" என்றார்.

கைப்பிடியைத் தான் வாங்கிச் சுற்றலாம் என்ற வழி அவருக்குத் தோன்றவில்லை. அதைப் பெரிய குற்றமாகச் சொல்லிவிட முடியாது. சிந்திக்கத் தொடங்கும் மனிதனுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முதலில் மறைகிறது.

அவருக்குத் தோன்றியது அதைவிடப் பெரிய விஷயம். ஆண்டவன் ஒரு தரம் தள்ளிவிட்ட சூரியனும் சந்திரனும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பூமியில் உள்ள சக்கரத்துக்கு மட்டும் எதற்கு மாடும் மண்ணெண்ணெயும் பெண்டாட்டியும்? கரண்டு இழுத்து மோட்டார் வைக்கச் சொன்னவர்களிடம், எவனோ எங்கேயோ சுற்றுவதற்கு நான் ஏன் வாடகை கட்ட வேண்டும் என்று கேட்டார். குற்றாலத்து அருவியில் சக்கரத்தை வைத்தால் என்ன என்று யாரோ சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. விழுவது தண்ணீரின் சுபாவம், அதில் மனிதன் மூளைக்கு என்ன வேலை என்றார்.

வீட்டு மச்சில், வெளிச்சத்துக்காக மேற்கு ஜன்னலை ஒட்டிச் சக்கரம் உருவாயிற்று. பழைய சைக்கிள் அச்சு, அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மூங்கில் வட்டம். விளிம்பு நெடுக, பூவிதழ் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு தட்டையான தகரப் பெட்டிகள். பெட்டிக்குள் உடைந்த பாட்டில்களிலிருந்து எடுத்த கோலிகள். இறங்குகிற பக்கத்தில் கோலிகள் விளிம்புக்கு உருண்டு பாரம் கூட்டும், ஏறுகிற பக்கத்தில் உள்ளே உருண்டு பாரம் குறைக்கும். ஆகவே சக்கரம் எந்நாளும் நிற்காது. காகிதத்தில் வரைந்து பார்த்தால் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.

சித்திரையும் வைகாசியும் அது அசையவில்லை. மசூது கோலியைக் கூட்டினார், குறைத்தார், மறுபடியும் கூட்டினார். ஆனி பிறந்த ஒரு காலையில் மச்சில் கடகடவென்று சத்தம் கேட்டு இருவரும் ஏறிப் பார்த்தார்கள். சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் அவர் ஒரு பெட்டியில் ஒரு கோலி கூடப் போட்டிருந்தார். அந்த ஒரு கோலிதான் என்று முடிவாயிற்று.

ஊர் பார்க்க வந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆனியில் தொடங்கினால் தென்காசியில் மாதக்கணக்கில் ஓயாது. தொப்பியை அமுக்கிப் பிடித்துக்கொண்டும் வேட்டியை இறுக்கிக்கொண்டும் மச்சேறி வந்தவர்கள், எது இதைச் சுற்றுகிறது என்று சக்கரத்துக்கு அடியில் குனிந்து தேடினார்கள். பிறந்த நாள் முதல் முகத்தில் அடிக்கிற ஒன்றைக் காரணங்களில் சேர்க்கும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

வார்ப்பட்டை போட்டு சோடா மெஷினை இணைத்தார். பாட்டில்கள் கை படாமல் நிறைந்தன. விற்பதற்குத்தான் வழியில்லை. சாரலில் நனைந்து பல் கிட்டித்துக் குற்றாலத்திலிருந்து திரும்புகிறவன் சுக்குக் காப்பி கேட்பானே தவிர சோடா கேட்கமாட்டான். ஐப்பசியில் சக்கரம் நின்றது. பங்குனி வெயிலில் ஊரே சோடா கேட்டது. சைதூன் கைப்பிடியைப் பிடித்தாள்.

ஒவ்வொரு வருடமும் இதேதான். சக்கரம் நிற்பதற்கு மட்டும் வருடத்துக்கு ஒரு காரணம் கிடைத்தது. ஒரு வருடம் வெயிலில் தகரம் விரிகிறது என்றார். ஒரு வருடம் கோலிக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று சித்திரை மாதத்தில் சக்கரத்தைக் குளிப்பாட்டினார். ஒழுகிய தண்ணீரைத் துடைத்தவள் சைதூன்.

அறுபதாம் வருட ஆடியில் அவளுக்கு உண்மை தெரிந்தது. அவர் கடையில் இருந்தார். மச்சில் காயவைத்த மிளகாய் வற்றல் மேல் சாரல் தெறிக்கிறதென்று மேற்கு ஜன்னல் கதவைச் சாத்தினாள். கோலிச் சத்தம் தளர்ந்து அடங்கியது. திறந்தாள், சக்கரம் ஓடியது. சாத்தினாள், நின்றது. வற்றலை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சொல்லிவிடலாம். ஆனால் அவரை அவளுக்குத் தெரியும். காற்றில் ஓடுகிறதென்று தெரிந்த மறுநாள் சக்கரம் விறகாகிவிடும். சாரல் சீசன் மாதங்களில் கொஞ்சமாவது விற்கிற சோடாவுக்கும் அவள் கைதான் போக வேண்டும். யோசித்துப் பார்த்து, அவர் என்றைக்கும் சாத்திப் பார்க்க முடியாதபடி ஜன்னல் கதவைக் கழற்றி அடுப்பில் வைத்தாள்.

மறு வருடம் சுரண்டையில் அரிசி மில் வைத்திருந்த வல்லிநாயகம், தன் மில்லுக்கும் இப்படியொரு சக்கரம் வேண்டுமென்று பார்க்க வந்தார். துணைக்கு, பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் நடத்தும் நாறும்பூநாதனையும் கூட்டி வந்திருந்தார். அடுத்த மாடியிலிருந்து யாரும் பார்த்துத் தொழிலைத் திருடிவிடக் கூடாதென்று மசூது ஜன்னலைச் சாத்தப் போனார்.

"கதவ எங்கட்டி?"

"கரையான் அரிச்சிட்டு. எடுத்து எரிச்சிட்டேன்" என்றாள் சைதூன், படியில் நின்றபடி.

வாத்தியார் சக்கரத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த குடையை விரித்து ஜன்னலை அடைத்துப் பிடித்தார். குடை அவரையே தள்ளியது. சக்கரம் தயங்கி நின்றது.

"காத்தாடி, பாய்" என்றார். அதில் கேலி இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. "அருமையான காத்தாடி. இதத் தூக்கி மொட்டை மாடில வையுங்க. கிணத்துத் தண்ணிய எடுத்து ஊத்தும். செலவே கிடையாது."

வல்லிநாயகத்தின் முகம் விழுந்துவிட்டது. "காத்துலயா ஓடுது? எங்க ஊர்லயுந்தான் காத்தடிக்கி. இதப் பாக்கவா பஸ்ஸேறி வந்தேன்?" என்று படியிறங்கினார்.

மசூது ஒரு பெட்டியிலிருந்த கோலியை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"காத்து ஓசில வாரது சார்" என்றார் கடைசியில். "ஓசில வாரத வச்சு ஓட்டுததுக்கு நா எதுக்கு?"

செலவில்லாத சக்தியை இத்தனை வருடமாகத் தேடியவருக்கு, அது செலவில்லாமல் கிடைக்கிறது என்பதுதான் பொறுக்கவில்லை. வாத்தியார் குடையை மடக்கிக்கொண்டு போனார்.

சைதூன் பயந்தபடி மசூது சக்கரத்தை உடைக்கவில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டுவந்து ஜன்னலை அடைத்தார். காற்று இல்லாமல் ஓடிக் காட்டுகிறேன் என்று சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தார். வெளியே காற்று இரைந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு கோலியும் உருளவில்லை.

அந்த வாரம் ஒரு கல்யாண வீட்டுக்குச் சோடா போட்டாக வேண்டும். சைதூன் பாட்டில்களைக் கழுவி வரிசையாக அடுக்கினாள். பிறகு கைப்பிடியைத் தொடாமல் மச்சுப் படியின் கீழே வந்து நின்றாள்.

"நீங்க ஒரு வாக்கு சொன்னியள்லா, நா இனிமே சுத்தாண்டாம்னு. காத்துல ஓடுத சக்கரத்தத்தான் வேண்டாம்னுட்டிய. அந்த வாக்கும் வேண்டாமா?"

மேலே தகரப் பெட்டியைத் தட்டும் சத்தம் நின்றது. தான் சக்கரம் கண்டுபிடித்தது எதற்காக என்பதை மசூது மறந்து வெகு காலமாகியிருந்தது. சற்றுப் பொறுத்து இறங்கி வந்தார்.

"சக்கரம் ஓடுத வரைக்குந்தான்" என்று சொல்லிக் கைப்பிடியைப் பிடித்தார்.

கடைக்கு ஒரு ஆளை வைத்தார்கள். சக்கரம் ஓடுகிற வரைக்கும் என்ற அந்த ஏற்பாடு அறுபதுகள் முடிகிற மட்டும் நீடித்தது. மோட்டார் வைப்பது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்பதால் அவர் வைக்கவில்லை. அந்தச் சக்கரம் ஒரு பெண்ணின் கைக்கு ஓய்வு கொடுத்தது என்பதை அதைக் கண்டு சிரித்தவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓடியபோது கொடுக்காத ஓய்வை நின்றபிறகு கொடுத்தது.

ஒரு மாலையில் சைதூன் தலை வாரிக்கொண்டிருந்தாள். கை உச்சி வரைக்கும் போயிற்று. மெஷின் சத்தம் நின்று, மசூது தோளைப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தார்.

"அந்தத் தைலத்த எடு. தோளு வலிக்கி."

எடுத்துவந்து தேய்த்துவிட்டாள். சக்கரம் எப்போது ஓடும் என்று கேட்டாள்.

"நாளைக்கு ஒரு கோலி கூட்டிப் பாக்கணும்" என்றார்.

கூட்டிப் பாருங்க என்று சொல்லிவிட்டு, தைலத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.