பட்டாளத்துக்காரர் கழுத்தில் ஒரு கோடு

போன வருடம் ஆடி மாதம், தஞ்சாவூரில் ஒரு பழைய சாமான் கடையில் தொடங்கியது இது. நான் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். மெழுகில் பதித்த சதைத் துணுக்கை மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கொடுப்பது என் வேலை. எதையும் ஒரு தடவை பார்த்ததும் நம்புகிற வழக்கம் எனக்குக் கிடையாது. காய்கறிக்காரர் தராசிலிருந்து சம்பந்தி வீட்டார் சிரிப்பு வரைக்கும் சந்தேகம்தான்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் யூனிபார்மோடு நின்று எடுத்துக்கொண்ட பட்டாளத்துக்காரர்களின் படங்களைச் சேர்ப்பது. பின்னால் தூணும் தோட்டமும் வரைந்த திரை, பக்கத்தில் ஒரு பூச்சாடி, நடுவில் விறைப்பாக ஒரு இளைஞர். எங்கள் கூடத்துச் சுவர் முழுக்க இப்படித்தான் நிற்கிறார்கள். இத்தனைக்கும் எங்கள் குடும்பத்தில் ஒருத்தர்கூடப் பட்டாளத்துக்குப் போனதில்லை. "யாருன்னே தெரியாத ஆம்பளைங்களை எல்லாம் கூடத்துல மாட்டி வெச்சிருக்கியே, வர்றவங்க கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?" என்று என் கணவர் தலையில் அடித்துக்கொள்வார். பிறகு அவரே ஆணியும் அடித்துக் கொடுப்பார்.

அன்று கடையில் கிடைத்த படத்தின் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. அப்போதே எனக்கு உறுத்தியது. பொட்டு வைத்துக் கும்பிட்ட படத்தை யாரும் லேசில் வெளியே போட மாட்டார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "வீடு இடிச்ச சாமானோட வந்துச்சுக்கா" என்றார் கடைக்காரர். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டத்தைப் பிரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கழுத்தில் ஒரு கோடு. தொப்பிக்குக் கீழே ஆரம்பித்து, காதை ஒட்டி இறங்கி, தாடையைச் சுற்றிக்கொண்டு போனது. விரல் நகத்தால் தடவினால் விளிம்பு தட்டுப்பட்டது. அதன்மேல் சாம்பல் நிறச் சாயத்தைத் தீற்றி மறைத்திருந்தார்கள். உடம்பில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழுகிறது, முகத்தில் எதிர்ப் பக்கத்திலிருந்து. உடம்பு ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மாதிரிப் படங்களுக்குக் கிராக்கி வந்ததிலிருந்து போலி செய்கிறவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். என் தலையிலேயே மிளகாய் அரைத்துவிட்டார்களே என்று ஆத்திரம். எங்களைப் போல் படம் சேர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டு, "இவர் எந்த ரெஜிமெண்ட், யாருக்காவது தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். கோட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. யார் வந்து அளக்கிறார்கள் பார்ப்போம் என்று காத்திருந்தேன்.

சில நாள் கழித்து ஒரு போன் வந்தது. "அந்தப் படத்துல இருக்கறது எங்கப்பாங்க. குத்தாலம் பக்கத்துலேர்ந்து பேசுறேன். தெரிஞ்ச பையன் போன்ல காட்டினான்" என்றது ஒரு ஆண்குரல். இந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியும். குழுவில் ஒருவரிடம் 'எங்கள் தாத்தா' என்று கண்ணீர் விட்டுப் படத்தை வாங்கிப்போன ஆள், அதை இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருந்தான். "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்றேன்.

மறுநாளே வந்துவிட்டார். ஐம்பது தாண்டியவர், விவசாயி. நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறியவர் என்பது வேட்டிக் கரையில் இருந்த சேற்றிலேயே தெரிந்தது. சுவரில் இருந்த பட்டாளத்தை ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் காபியைக் கொடுத்துவிட்டு விசாரணையை ஆரம்பித்தேன்.

அப்பா எந்த ரெஜிமெண்ட்? தெரியாதுங்க. என்ன பதவி? தெரியாதுங்க. எங்கே இறந்தார்? "வடக்க எல்லையிலன்னு சொல்வாங்க. நான் அப்போ அம்மா வயித்துல. அவரை நான் படத்துல பாத்ததுதாங்க. வேற எதுலயும் அவரு மூஞ்சி கிடையாது" என்றார்.

வீட்டில் மாட்டியிருந்த படம் பழைய சாமான் கடைக்கு எப்படிப் போனது என்று கேட்டேன். காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டை இடிச்சுக் கட்டினப்போ எப்படியோ கலந்து போச்சுங்க." அந்த 'எப்படியோ' எனக்குப் பிடிக்கவில்லை. ஆதாரம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். "ஒண்ணு இருக்கு. அம்மா பெட்டியில. அவங்க கையை விட்டுத் தர மாட்டாங்க." நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

சரி, ஆளையே சோதித்துவிடலாம் என்று படத்தை நீட்டினேன். ஒரு ஓரத்தை நான் விடவே இல்லை. அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உடம்பு, உடுப்பு எல்லாம் வேற யாரோங்க. மூஞ்சி மட்டுந்தான் எங்கப்பா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோட்டைப் பற்றி என் கணவரைத் தவிர யாரிடமும் நான் சொல்லவில்லை. இருந்தாலும் புத்தி போகுமா? போனில் பெரிதாக்கிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கலாமே என்று தோன்றியது. "வாங்க, உங்கம்மாவையே பாத்துடலாம். ஆனா படம் என் கையிலதான் வரும்" என்றேன்.

என் கணவர் கார் ஓட்ட, போகும் வழியில் அவர் விவரம் சொன்னார். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் எல்லைக்குப் போன அப்பா, யூனிபார்மில் படம் எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாராம். படம் வரவில்லை, தந்திதான் வந்தது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு கல்யாணப் படம். ஊர் பார்க்க மகன் யூனிபார்மோடு இருக்க வேண்டும் என்று தாத்தா பிடிவாதமாக இருந்தார். ஸ்டுடியோக்காரர் கல்யாணப் படத்திலிருந்து முகத்தை வெட்டி, தன்னிடம் இருந்த ஒரு பட்டாளத்துக்காரர் படத்தில் ஒட்டிக் கொடுத்தார்.

இது எனக்குத் தெரியாத வழக்கமா? எங்கள் பக்கத்தில் படமே எடுக்காமல் ஒருவர் செத்துப்போனால், கூட்டமாக எடுத்த படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, கோட்டு சூட்டு மாட்டித் தனிப் படமாக்கி விடுவார்கள். ஆயுசில் கோட்டு சூட்டைத் தொட்டுப் பார்க்காத என் பெரியப்பாவே கோட்டு சூட்டோடுதான் தொங்குகிறார். திருடனைத் தேடுகிற மும்முரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

நடுவில் அவருக்கு அம்மாவிடமிருந்து போன். "ஆமாம்மா, நெறைய கேட்டாங்க... ஆமாம்மா, வர்றாங்க" என்று தணிந்த குரலில் பேசினார். நான் காதில் விழாத மாதிரி வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

புதிதாகக் கட்டிய காங்கிரீட் வீடு. கூடத்தில் கட்டிலில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, கண்ணாடிக்குப் பின்னால் கூர்மையான கண். 'வா' என்றுகூடச் சொல்லவில்லை.

"எம் புருஷன் படம் உன் வீட்டுக்கு எதுக்கு வந்துச்சு?"

"கடையில பாத்து வாங்கினேம்மா. பட்டாளத்துக்காரங்க படம் சேத்து வெக்கிறேன்."

"உன் வீட்டுல யாரு பட்டாளத்துக்குப் போனா?"

"யாருமில்லம்மா."

"அப்ப ஊரான் வீட்டுப் புருஷனையெல்லாம் சுவத்துல மாட்டிக்கிட்டு நீ என்ன பண்றே?"

என் கணவர் இருமுகிற மாதிரி சிரிப்பை அடக்கினார். ஊரையே கேள்வி கேட்கிற நான், கையிலிருந்த படத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த மருமகள் அழ ஆரம்பித்துவிட்டார். "நாந்தாங்க. சட்டம் செல்லரிச்சுக் கெடந்துச்சு. அவசரத்துல தட்டுமுட்டு சாமானோட சேத்துப் போட்டுட்டேன்." அந்த மனிதர் மனைவியின் பக்கம் போய் நின்றுகொண்டார். மனைவியை, முன்பின் தெரியாத என்னிடம்கூடக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல்தான் 'எப்படியோ' என்று சொல்லியிருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த அம்மா பெட்டியைத் திறந்து, ஒரு புடவை மடிப்பிலிருந்து கல்யாணப் படத்தை எடுத்தார். தலை நிறையப் பூவோடு ஒரு சின்னப் பெண். பக்கத்தில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை. வாரிவிட்ட முடி இருந்தது, காது இருந்தது, முகம் இருந்த இடத்தில் ஓட்டை. "அறுக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேக்கலை" என்றார். என் கையிலிருந்த படத்தை வாங்கிப் படுக்கையில் வைத்து, அதன்மேல் கல்யாணப் படத்தை வைத்து, மெல்ல நகர்த்தினார். ஓட்டை முகத்தின்மேல் வந்து உட்கார்ந்தது. முடியோடு நெற்றி சேர்ந்தது. பட்டாளத்துக்காரர் போய், புதுமாப்பிள்ளை வந்துவிட்டார். லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தும் அந்தச் சிரிப்பு என் கண்ணில் பட்டிருக்கவில்லை.

"மூஞ்சியை மட்டும் எடுத்து எனக்குக் குடுத்துரு. மீதியை நீயே வெச்சுக்க" என்றார். ஸ்டுடியோவில் கொடுத்துச் செய்யலாம் என்று மகன் சொன்னதற்கு, இனி அது இந்த வீட்டு வாசலைத் தாண்டாது என்றுவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பஞ்சும் தண்ணீரும் புது பிளேடும் கேட்டு வாங்கினேன். தினமும் செய்கிற வேலை மாதிரிதான். ஆனால் கிழிந்தால் அந்த மனிதருக்கு உலகத்தில் வேறு முகம் கிடையாது. ஈரப் பஞ்சை வைத்து ஒற்றி ஒற்றிப் பசையை ஊறவிட்டு, தாடைப் பக்கமாக பிளேடை நுழைத்தேன். "பாத்து... வலிக்கப் போவுது அவருக்கு" என்றார் அந்த அம்மா. யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் முகம் முழுசாகக் கழன்று வந்தது. எவர்சில்வர் தட்டில் ஏந்திக் கொடுத்தபோது மகன் விம்மிவிட்டார்.

பிறகுதான் நான் கையில் இருந்த மீதிப் படத்தைப் பார்த்தேன். முகம் இருந்த இடத்தில் இன்னொரு முகம் இருந்தது. இருக்காதா பின்னே? உடம்புக்குச் சொந்தக்காரர். அரும்பு மீசை, கன்னத்தில் பசைக் கறை. கண் மட்டும் பளிச்சென்று எங்களைப் பார்த்தது. இத்தனை காலமும் இவர் அடியிலேயே இருந்திருக்கிறார்.

அந்த அம்மா படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பால் கன்னத்து ஈரத்தை ஒற்றினார். "யாரு பெத்த புள்ளையோ. தெரியாமயே இவனுக்கும் சேத்துப் பொட்டு வெச்சிருக்கேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவனையும் எங்கேயாச்சும் தேடிக்கிட்டு இருப்பாங்க. வந்தாங்கன்னா, எம் புள்ளையக் கேட்ட மாதிரி நிக்க வெச்சுக் கேள்வி கேக்காதே."

மைதாப் பசை காய்ச்சி, மாப்பிள்ளையைக் கல்யாணப் படத்தில் அவர் இடத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம். அரும்பு மீசை இளைஞர் இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறார். குழுவில் போட்டுப் பார்த்தேன், இன்னும் யாரும் தேடி வரவில்லை. என்றைக்காவது யாராவது வாசலில் நின்று "இது எங்க ஆளுங்க" என்றால், ஆதாரம் கேட்காமல் எழுந்துபோய்ச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுக்க வேண்டும் என்று என்னை நானே பழக்கிக்கொண்டு வருகிறேன். என்னைப் போன்ற ஆளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத்தான் தெரியும்.