வேறு ஆள் வேண்டும், துவான்

ஜப்பான்காரன் ஆட்சியில்தான் எனக்கு முதன்முதலாக ஓட்டுப் போடும் வாய்ப்புக் கிடைத்தது. வெள்ளைக்காரன் இருந்தவரை அப்படி ஒரு தொல்லை இல்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில் குடியிருப்பில் இருந்த எங்களைத் திடலில் உட்காரவைத்து, உங்கள் பகுதிக்கு ஒரு தலைவரை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று அரைகுறை இங்கிலீஷில் சொன்னார் ஒரு ஜப்பானிய அதிகாரி. அதைத் தமிழில் சொன்ன துபாசி, தன் பெயரையும் சேர்த்தே சொல்லிவிட்டார். ஏற்பவர்கள் கையைத் தூக்க வேண்டுமாம். சுற்றிலும் துப்பாக்கி முனையில் கத்தி செருகிய சிப்பாய்கள். நான் கூச்சக்காரன், நாலு பேர் எதிரில் கையை அசைக்கவே யோசிப்பேன். அன்று இரண்டு கையையும் தூக்கினேன். இரண்டையும் எண்ணிக்கொண்டார்கள்.

தலைவரானதும் துபாசி ஒரு காவல் படை அமைத்தார். வேலைவெட்டி இல்லாத தடியர்கள் சிலருக்குக் கைப்பட்டையும் கம்பும் கிடைத்தன. எங்களை யாரிடமிருந்து காக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மரவள்ளிக்கிழங்கு தின்கிற நாங்கள், சோறு தின்கிற அவர்களைக் கண்டால் குனிய வேண்டும். கும்பிட்டால் போதாது. கைகளைத் தொடையோடு ஒட்டி, இடுப்பு வரை வளைய வேண்டும். வளைவு குறைந்தால் பிடரியில் கம்பு விழும். படித்த மனிதரல்லவா, துபாசி ஒவ்வொருவருக்கும் நின்று சொல்லிக்கொடுத்தார்.

என்னோடு பட்டறையில் எஞ்சின்களுக்கு எண்ணெய் போட்டவர் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். ஒரு கூட்டத்தில் அவர் எழுந்து, "நமக்கு வர்ற அரிசியில பாதி எங்கங்க போவுது?" என்று கேட்டுவிட்டார்.

துபாசி சிரித்தார். "நல்ல கேள்வி. விசாரிச்சு சொல்றேன்."

விசாரணை வேகமாக நடந்தது. அந்த வாரமே படை வந்து, அவரை வாசலில் போட்டு அடித்து லோரியில் ஏற்றியது. துபாசி எங்களைக் கூப்பிட்டு நிறுத்தி, "சயாமுக்கு ரயில் பாதை போட இவரு தானாவே முன்வந்திருக்காரு, கை தட்டுங்க" என்றார். தட்டினோம். ரத்தம் வழிய முன்வந்த அந்த மனிதர் திரும்பி வரவேயில்லை.

பிறகு ஜப்பான்காரன் தோற்றான், வெள்ளைக்காரன் வந்தான். யார் யாரை அடித்தார்கள், யார் ஆள்பிடித்துக் கொடுத்தார்கள் என்று விசாரிக்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் மேசை போட்டார்கள். பயப்படாமல் வந்து சொல்லச் சொன்னார்கள்.

அடுத்த வீட்டுக்காரரின் மனைவி பாசாரில் கீரை விற்றுக்கொண்டிருந்தாள். என்னிடம் வந்தாள்.

"அண்ணே, எங்களை விட்டுட்டு அவரு தானா ஓடிட்டாருன்னு ஊரு பேசுது. புள்ளைங்க காதுலயும் விழுது. அப்படி இல்லைன்னு அந்தத் தொரை எழுதணும். எனக்கு அது போதும். நீங்க பாத்தவரு, வந்து சொல்லுங்க."

போனோம். மேசைக்குப் பின்னால் துரை உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில், கைப்பட்டைக்குப் பதில் கழுத்துப்பட்டையோடு, அதே துபாசி.

என் முதுகு என்னைக் கேட்காமலே வளைந்தது. துரைக்கு அல்ல, துபாசிக்கு. கைகள் தொடையில் ஒட்டியிருந்தன. துரை விழித்தார். துபாசி இங்கிலீஷில் ஏதோ சொல்ல, துரை தலையசைத்துப் புன்னகைத்தார். எங்கள் பண்பாட்டைப் பற்றி உயர்வாகச் சொல்லியிருக்க வேண்டும்.

"சுருக்கா சொல்லு. யாரு அடிச்சாங்க?" என்றார் துபாசி.

"உங்க ஆளுங்கதான். நீங்களும் நின்னீங்களே, சார்."

அதை அவர் நெடுநேரம் மொழிபெயர்த்தார். துரை, "ஜப்பானீஸ்?" என்று கேட்டார். துபாசி, "யெஸ்" என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்; அதற்கு அதுவே போதுமாக இருந்தது.

அடுத்து அவள். துபாசியைப் பார்க்கவே இல்லை. கீரை விற்கிற மலாயில் துரையிடம் நேராகப் பேசினாள்.

"துவான், இனி ஓராங் பூக்குல் சாயா பூஞா லாக்கி."

ஐயா, இந்த ஆள் என் புருஷனை அடித்தான் என்று. துரை பேனாவை வைத்துவிட்டார். துபாசியை வெளியே அனுப்பினார். விசாரணை தேதி சொல்லாமல் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த வாரம் துபாசிக்குத் தண்டனையும் கிடைத்தது: கிள்ளானில் நடக்கும் விசாரணைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு.

அவள் கிள்ளானுக்கு ரயில் ஏறினாள். நானும் போனேன். அங்கே நீண்ட வரிசை. ஒவ்வொருவரிடமும் போய், உள்ளே இருப்பது யார் என்று சொன்னாள்.

"அந்தாளு வாயில உங்க பேச்சக் குடுக்காதீங்க லா. 'துவான், மாவ் லாயின் ஓராங்'. இத மட்டும் சொல்லுங்க. வேற ஆளு வேணும்னு அர்த்தம்."

"அவ்வளவுதானா? திட்ட வேணாமா?" என்றார் ஒரு கிழவர்.

"அது வெளிய வந்து."

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். திட்ட வேண்டாமா என்று கேட்ட கிழவர் மட்டும் இரண்டு முறை சொன்னாராம். கடைசியில் கிள்ளான் துரையே வெளியே வந்து வரிசையைப் பார்த்தார். துபாசியை மரத்தடிக்கு அனுப்பிவிட்டு, ஒரு தமிழ் வாத்தியாரை அழைத்துவரச் செய்தார்.

அவள் சொன்னதை வாத்தியார் துரையிடம் சொன்னார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"தானாப் போகலைன்னு நேர்ல பாத்தவங்க யாரும்மா?"

அவள் என்னைக் காட்டினாள்.

அடித்ததை, ஏற்றியதை, எங்களைக் கை தட்ட வைத்ததை எல்லாம் சொன்னேன். வாத்தியார் அப்படியே சொல்ல, துரை அப்படியே எழுதினார். கூச்சக்காரன் வாயைத் திறந்தால் சத்தத்தின் அளவு தெரியாது. நான் பேசியது மரத்தடி வரை கேட்டிருக்கிறது. வெளியே வந்து பார்த்தேன். வரிசையில் இருந்த அத்தனை பேரும் மரத்தடியைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். துபாசி குடையை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.