நான் தட்டிய பூஜ்யம்

பொறாமை பிடித்தவர்கள் பக்கத்து வீட்டு மாமரத்துக்கு வெந்நீர் ஊற்றுவதுண்டு. நான் படித்தவன். ஆகவே நிலத்தடியில் வாழும் கிருமிகளை, கணினியில் ஒரு பூஜ்யம் தட்டி மொத்தமாகக் கொன்றேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பெயருக்கு முன்னால் முனைவர் பட்டம் வேறு.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை. வெயிலும் காற்றும் மிச்சமாகத் தரும் மின்சாரத்தில் ஹைட்ரஜன் தயாரித்து, அதைப் பூமிக்கடியில் மணற்கல் அடுக்குகளில் அடைத்து வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ள முடியுமா என்பது கேள்வி. எங்கள் வட்டாரத்தில், மேலூர்ப் பக்கம் தோண்டினாலும் கருங்கல்தான். எங்கள் மணற்கல் வெளியூரிலிருந்து பெட்டியில் வந்து இறங்கியது. கல்லோடும் உப்புநீரோடும் சேர்ந்து அந்த வாயு என்ன ஆகும் என்று கணினியில் கணக்குப் போடுவது வேதியியல்காரனான என் பொறுப்பு. அதே நீரில் வாழும் கிருமிகள் அதை எவ்வளவு வேகமாகத் தின்னும் என்று சொல்வது நண்பனின் பொறுப்பு. இரண்டையும் சேர்த்து நான் ஓட்டிக் காட்ட வேண்டும். முடிவை நிபுணர் குழுவுக்கு விளக்குகிறவரே அடுத்த கட்ட ஆய்வுக்குத் தலைவர் என்று எல்லோரும் நம்பினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே நம்பினேன்.

நண்பன் என்றேனே, கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவன். இன்னும் தலை நரைக்கவில்லை. கேன்டீனில் கடைசி ஆமவடையை அவனுக்கென்று எடுத்து வைத்துவிட்டு, என்னிடம் "தீந்துருச்சு சார்" என்பார்கள். அவன் வகுப்பில் மாணவர்கள் தாமாகச் சிரிப்பார்கள். என் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக.

அவன் அனுப்பிய எண்களைத் திறந்தேன். நன்றாக இருந்தன. அதுதான் தாங்கவில்லை. கிருமியின் வேகம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். 'முதலில் வேதியியல் மட்டும்' என்று மனசாட்சிக்கு ஒரு விளக்கக் குறிப்பும் எழுதிக்கொண்டேன். திரையில் ஹைட்ரஜன் கோடு நான்குவழிச் சாலைபோல நேராக, குறையாமல் ஓடியது.

ஆனால் அவன் கல்பொடியும் உப்புநீரும் ஹைட்ரஜனும் அடைத்து வைத்திருந்த பாட்டில்களில் வாராவாரம் அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது.

"மூடி லீக்காகுது," என்றேன்.

"எல்லாத்துலயுமா மாப்ள?"

"மூடி வாங்குன கடை ஒண்ணுதானடா!"

நிரூபித்தே தீர்வதென்று ஒரு சனிக்கிழமை சோப்புத் தண்ணீரும் பிரஷுமாகப் போனேன். துணைக்கு ஆய்வக அட்டெண்டர், என்னைவிட மூத்தவர். பஞ்சர் பார்ப்பதுபோல ஒவ்வொரு மூடியைச் சுற்றியும் நுரை தடவி, மண்டியிட்டுக் குமிழிக்காகக் காத்திருந்தேன். எந்தத் தேர்வு முடிவுக்கும் அவ்வளவு ஏக்கத்தோடு காத்திருந்ததில்லை. ஒரு குமிழிகூட வரவில்லை.

"விடுங்க சார், மூடி கெட்டியாத்தான் இருக்கு," என்றார் அட்டெண்டர்.

அந்நேரம் பார்த்து நண்பன் வந்தான். காற்றை வெளியே இழுக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாட்டிலை வைத்துத் திறந்தான். அதையும் மீறி அழுகின முட்டை வாடை லேசாக வந்தது. கிருமிகள் ஹைட்ரஜனைத் தின்று, நீரிலிருந்த சல்பேட்டை நாறும் வாயுவாக மாற்றியிருந்தன.

"ஏன்டா, என் கிருமிக்கு எம்புட்டு வேகம் போட்ட?"

"பூஜ்யம்."

திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பாவி, அம்புட்டையும் பட்டினி போட்டே கொன்னுட்டியேடா!"

திங்கட்கிழமை அவனுடைய எண்களைச் சேர்த்ததும் என் கோடு வளைந்து இறங்கி, பாட்டில்களின் அளவுகள்மேல் சாதுவாகப் போய் உட்கார்ந்தது.

"குழு முன்னாடி நீயே பேசு," என்றேன், திரையைப் பார்த்தபடியே.

"போடா, மைக்கைப் பாத்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கிரும். நீ பேசு மாப்ள, நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்."

விட்டுக்கொடுத்துவிட்டான். பெருந்தன்மையிலும் என்னை மிஞ்சிவிட்டான் என்ற எரிச்சலோடு, ஒரு தடவைகூட மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

பேசினேன். என் வேதியியலை முக்கால் மணி நேரம், கிருமிகளைக் கடைசிப் பத்து நிமிடம். வந்த கேள்விகள் அத்தனையும் கிருமிகளைப் பற்றி. பதில் சொல்ல அவன்தான் எழுந்திருக்க வேண்டியிருந்தது. மைக் இல்லாமலே அழகாகச் சொன்னான். குழு அவனையே தலைவராக்கிவிட்டுப் போனது.

காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த அட்டெண்டர் மட்டும் எனக்காக நின்றார்.

"நல்லாப் பேசுனீங்க சார். மொத முக்கா மணி நேரம் டீ ஊத்தி மாளல. அந்தக் கிருமி வந்ததுக்குப் பொறவு ஒருத்தருமே டீ கேக்கல."