நடுவில் தடித்த நட்சத்திரங்கள்

ஈர நெகடிவ்விலிருந்து வரும் ஹைப்போ மருந்து வாசனை... மூக்கை லேசாக எரிக்கும். மதுரை சிம்மக்கல்லில் என் கடைக்குள் அப்போது அதுதான் அத்தர்.

யுத்தம் முடிந்த மறுவருஷம். வெள்ளைக்கார சிப்பாய்கள் விற்றுவிட்டுப் போன மடக்கு கேமராக்களை மொத்தமாக வாங்கி, துடைத்துச் சரிசெய்து விற்றேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. மற்றதெல்லாம் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

காலேஜ் கணக்கு வாத்தியார் ஒருவர் என்னிடம் ஒன்று வாங்கியிருந்தார். வண்டியூர் தெப்பக்குளக் கரையில் கேமராவை நிறுத்தி, லென்ஸை முழுசாகத் திறந்து கால்மணி நேரம் விட்டால், கிழக்கே வரிசையாக ஏறும் மூன்று நட்சத்திரங்களும் மூன்று கோடாக விழும். அந்தப் படம் சரியாக வந்தால் காலேஜுக்கு ஆறு கேமரா என்னிடம் எடுப்பதாகப் பேச்சு. வராவிட்டால் ஊரில் என் சரக்கை யார் நம்புவார்கள்?

வரவில்லை. படத்தை மேஜையில் போட்டார்.

"என்ன பாய், இது நட்சத்திரமா, சுண்ணாம்பு இழுவுன கோடா? பகல்ல எடுத்தா எல்லாரும் மூக்கும் முழியுமா விழுறாங்க. இருட்டுனா உங்க கேமராவுக்கு மாலக்கண்ணு வந்துருது."

கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

முதலில் லென்ஸைச் சந்தேகப்பட்டேன். கண்ணாடித் துண்டு ஒன்றை மணலில் தேய்த்து மங்கலாக்கி, பின்மூடியைக் கழற்றி, பிலிம் இருக்கும் இடத்தில் வைத்துக் கட்டினேன். சாயங்காலம் மொட்டைமாடியில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, கடிகாரக் கடைக்காரரின் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ஊசிமுனைப் புள்ளி. லென்ஸில் குற்றமில்லை.

மறுபடி படத்தை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் விழுந்த மற்ற நட்சத்திரங்களின் கோடுகள் முடி மாதிரி மெல்லிசு... நடுவில் இருப்பவை மட்டும் தடி. அப்படியானால் பிலிம்தான் நடுவில் புடைத்திருக்கிறது. எதனால்?

வாத்தியாரை வரவழைத்து, அன்றைக்குச் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்து காட்டச் சொன்னேன். பொத்தானை அமுக்கினார். முன்கதவு 'டப்'பென்று விரிந்து, லென்ஸைத் தாங்கிய தோல் துருத்தி நீண்டது.

"பிலிம எப்ப சுத்துனீங்க சார்?"

"வீட்டுலயே. அடுத்த நம்பருக்குச் சுத்தி மடக்கி வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

சொன்னேன்தான். கேட்ட நொடியில் சரக்கு கைக்கு வரவேண்டும் என்பது என் கடைப் பழக்கம். திறந்ததும் எடுக்கத் தயாராக இருக்கட்டும் என்று அதையே கேமராவுக்கும் பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிலிமை எடுத்துவிட்டு, கேமராவை மடக்கி, பின்பக்கத்தில் ஒரு சிகரெட் தாளை விறைப்பாக ஒட்டி, பொத்தானை அமுக்கினேன். துருத்தி விரிந்த வேகத்தில் காற்றை இழுக்க, தாள் உள்பக்கம் தொப்பை போட்டது. பிலிமும் அப்படித்தான் போட்டிருக்கும். பகலில் லென்ஸின் துளையைச் சுருக்கி எடுப்பதால் அந்தச் சின்னப் புடைப்பு தெரிவதில்லை. நட்சத்திரத்துக்கு முழுசாகத் திறந்ததும் காட்டிக்கொடுத்துவிட்டது.

பிலிம் பழசு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். ஆனால் தாள் அவர் கண்ணெதிரே புடைத்து நின்றதே...

"கேமரா மேல தப்பில்ல சார். நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு. மெதுவாத் தொறங்க. தொறந்த பெறகு பிலிமச் சுத்துங்க, வெறப்பா நிக்கும்."

"எத்தன பேருக்கு இப்படிச் சொல்லி அனுப்புனீங்க?"

"வாங்குன அம்புட்டுப் பேருக்கும்."

சிரித்துவிட்டார். மறுநாள் இருட்டியதும் தெப்பக்குளத்துக்கு நானும் போனேன். மூன்று கோடும் கீறினாற்போல் விழுந்தன. ஆறு கேமராவும் காலேஜுக்குப் போயின. அந்த வாரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு, என்னிடம் வாங்கியவர்கள் வீடுவீடாய்ப் போய்ச் சொன்னேன். பாதிப் பேர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டேன். போன வாரம் பேரன் மாடியில் நின்று அதே மூன்று நட்சத்திரங்களை போனில் எடுத்தான். முதல் படம் மங்கல். அழித்துவிட்டு இன்னொன்று எடுத்தான், பளிச்சென்று வந்தது. முதலாவது ஏன் மங்கியது என்று கேட்டேன். தெரியாது என்றான். அதைத் தெரிந்துகொள்ள அவனுக்கு அவசியமும் இல்லை. எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை.

"பின்பக்கத்தத் தொறந்து பாப்பமா?"

போனைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டான்.

"வேணாம் நன்னா. வாரன்டி போயிரும்."